வியட்நாமில் சமையல் வகுப்பு: ஹோய் ஆன், ஹனோய், ஹுவே, சைகோன் – எதைத் தேர்ந்தெடுப்பது?

வியட்நாம் சுற்றப் போகிறவர்களில் பெரும்பாலானோருக்குச் சமையல் வகுப்புக்கென்று ஒதுக்க ஓர் அரைநாள்தான் கிடைக்கும். அந்த அரைநாளை எந்த ஊரில் வைத்துக்கொள்வது, எந்த மாதிரி வகுப்பில் சேர்வது என்று முடிவெடுப்பதில்தான் குழப்பம். விளம்பரங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். சந்தைக்குக் கூட்டிப்போவார்கள், ஓலைத் தொப்பி தருவார்கள், நாலு பதார்த்தம் சொல்லித் தருவார்கள், கடைசியில் ஒரு சான்றிதழும் உண்டு. உள்ளே போய் அடுப்பு முன் நின்றால்தான் வித்தியாசம் தெரியும்.

ஊரைப் பிடிப்பதற்கு முன் பதார்த்தத்தைப் பிடியுங்கள் என்பதுதான் இங்கே சொல்ல வருவது. பொருட்களின் பட்டியலும் செய்முறையும் கைபேசியிலேயே கிடைக்கின்றன. மாவு எந்தப் பதத்துக்குக் கரைய வேண்டும், அரிசிமாவில் செய்த மெல்லிய அரிசித்தாள் எந்த நொடியில் மடிக்கத் தோதாகிறது, தொட்டுக்கொள்ளும் சாறில் புளிப்பும் உப்பும் எங்கே சமனாகின்றன என்பதெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று கையைப் பிடித்துத் திருத்தினால்தான் வரும். காசு கொடுத்துக் கற்க வேண்டியது இந்தக் கைப்பக்குவம்தான்.

ஃபோ ஆசை

வியட்நாம் என்றதும் எல்லோரும் கற்க ஆசைப்படுவது எலும்புச் சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் ஃபோ. அரைநாள் வகுப்பில் கற்க இதைவிடத் தோதில்லாத பதார்த்தம் கிடையாது. மாட்டெலும்பை முதலில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, பொங்கிய நுரையோடு தண்ணீரைக் கொட்டி, எலும்பைக் கழுவ வேண்டும். பிறகு புதுத் தண்ணீரில் போட்டுக் குறைந்தது 6 மணி நேரம் அடுப்பில் வைக்க வேண்டும். நல்ல கடைகளில் இராமுழுக்க அடுப்பில் இருக்கும். தீ சிறுகக் குமிழியிடும் அளவுக்கு மேல் போகக் கூடாது. தளதளவென்று கொதித்தால் கொழுப்பு தண்ணீரோடு கலந்து சூப் கலங்கிப்போகும். இஞ்சியையும் வெங்காயத்தையும் நேரடி நெருப்பில் தோல் கருகச் சுட்டு, கருக்கலைத் துடைத்துப் போட வேண்டும். அன்னாசிப்பூ, பட்டை, கருப்பு ஏலக்காய், கிராம்பு, மல்லி விதை ஆகியவற்றை வெறும் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து, சூப் இறக்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டால் போதும். ஆரம்பத்திலேயே போட்டால் கஷாயம் குடிப்பதுபோல் ஆகிவிடும்.

இவ்வளவையும் 4 மணி நேர வகுப்பில் செய்து காட்ட வழியில்லை. அதனால் முந்தைய நாளே காய்ச்சிய சூப்பை உங்கள் முன் வைப்பார்கள். நீங்கள் நூடுல்ஸை வெந்நீரில் முக்கி, மேலே வெங்காயத்தாள் தூவுவீர்கள். அது பரிமாறக் கற்பது. ஃபோ கற்றே தீர வேண்டும் என்றால் கோழி ஃபோ இருக்கிற வகுப்பைத் தேடுங்கள். முழுக்கோழி சூப் ஒன்றரையிலிருந்து 2 மணி நேரத்தில் தயாராகிவிடும் என்பதால், மனம் வைத்தால் கண் முன்னே முழுதாகச் செய்து காட்ட முடியும். “சூப்பை வகுப்பிலேயே ஆரம்பத்திலிருந்து வைப்பீர்களா?” என்ற ஒரே கேள்வியைப் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால், இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் கோழி ஃபோதான் வழி.

5 மணி நேர வகுப்பில் அடுப்பு நேரம் எவ்வளவு?

நீளமான வகுப்பென்றால் நிறையக் கற்கலாம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். விடுதியிலிருந்து ஆட்களை ஏற்றிச் செல்ல அரை மணி, சந்தையில் முக்கால் மணி, ஆற்றில் படகுப் பயணம் முக்கால் மணி, பரிசல் சுற்றல் அரை மணி. இரண்டரை மணி நேரம் இதிலேயே போய்விட்டது. கடைசியில் உட்கார்ந்து சாப்பிட முக்கால் மணி. மிச்சம் 1 மணி 45 நிமிடம். அதில் நாலு பதார்த்தம் என்றால் ஒன்றுக்கு 26 நிமிடம்தான் தேறும். மாவு முன்கூட்டியே கரைத்திருக்கும், காய் நறுக்கியிருக்கும், இறைச்சி ஊறியிருக்கும். உங்கள் பங்குக்குக் கிளறுவதும் படம் எடுப்பதும்தான்.

பரிசல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹோய் ஆனுக்குப் பக்கத்தில் காம் தான் என்ற ஊரில், நீர்த்தென்னை அடர்ந்த ஓடைகளில் மூங்கிலால் முடைந்த வட்டப் பரிசலில் போவது நல்ல அனுபவம். ஒகேனக்கல் பரிசல் பார்த்தவர்களுக்கு அதன் தூரத்துச் சொந்தம்போல இருக்கும். அதைத் தனியாக வேறொரு நாள் வைத்துக்கொண்டால், வகுப்பு நாளின் நேரம் முழுவதும் அடுப்புக்குக் கிடைக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் சேர்ந்த பயணமே நல்லது. இரண்டு மணி நேரம் அடுப்படியில் நிற்கச் சொன்னால் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள்.

ஹோய் ஆன்

முதன்முறை போகிறவர்களுக்கு ஹோய் ஆனைத்தான் சொல்லத் தோன்றுகிறது. டா நாங் விமான நிலையத்திலிருந்து 30 கிலோமீட்டர், முக்கால் மணி நேரப் பயணம். 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பழைய துறைமுக ஊர். சின்ன ஊர் என்பதால் சந்தை, ஆறு, வயல், கடல் எல்லாம் சைக்கிள் தூரத்தில் இருக்கின்றன. வகுப்புகளும் ஏராளம்.

இங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று பழைய ஊருக்குள் நடப்பது. சந்தையில் தொடங்கி, உணவகத்தின் சமையல்கூடத்தில் முடியும். மற்றொன்று, ஊருக்கு வடக்கே சுமார் 3 கிலோமீட்டரில் இருக்கும் ட்ரா குவே என்ற கீரைத் தோட்டக் கிராமத்தில் நடப்பது. ஏரிப் பாசியை எருவாகப் போட்டு, வாசனைக் கீரைகளைப் பாத்தி கட்டி வளர்க்கிற ஊர் அது. காவடிபோலத் தோளில் கம்பு வைத்து, இரண்டு பக்கமும் பூவாளி தொங்கவிட்டு, ஒரே நடையில் இரண்டு பாத்திக்கும் தண்ணீர் விடுவார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுலா அமைப்பு சிறந்த சுற்றுலாக் கிராமங்களின் வரிசையில் இதைச் சேர்த்தது.

சந்தையா, தோட்டமா என்று கேட்டால், கீரைகளைக் கற்க தோட்டமே மேல். சந்தையில் பத்து வகைப் பச்சையும் ஒரே குவியலாகத் தெரியும். பாத்தியில் ஒவ்வொன்றாகக் கிள்ளி, கசக்கி, மோந்து, தின்று பார்க்கலாம். ஊதா முதுகு கொண்ட பெரில்லா, மீன் வாடை அடிக்கும் டியேப் கா, காரமான ராவ் ராம் என்று அந்த வாசனை ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் மறக்காது. வியட்நாமியச் சாப்பாட்டில் பாதி இந்தப் பச்சை இலைகள்தான். இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சந்தைகளில் உயிருள்ள மீன், தவளை, கோழி எல்லாம் கண்ணெதிரே வெட்டப்படும். சுத்த சைவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது ஒத்துவராமல் போகலாம். சந்தைதான் வேண்டும் என்றால் காலை வகுப்பில் சேருங்கள். மதியத்துக்கு மேல் பாதிக் கடைகள் மூடி, மிச்சக் கடைகள் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஹோய் ஆனின் பேர் பெற்ற நூடுல்ஸ் காவ் லாவ். வகுப்புப் பட்டியலில் அது இருந்தால், நூடுல்ஸையே செய்யக் கற்றுக்கொள்வோம் என்று எண்ண வேண்டாம். பா லே கிணற்றுத் தண்ணீரும், கடலுக்குள் இருக்கும் சாம் தீவுகளின் மரச்சாம்பல் கரைத்த நீரும் சேர்த்துச் செய்வது என்று வழிவழியாகச் சொல்லப்படும் அந்த நூடுல்ஸை ஒரு சில குடும்பங்களே செய்து ஊர் முழுக்கக் கொடுக்கின்றன. வகுப்பில் தருவது வாங்கிய நூடுல்ஸ்தான். ஊர் திரும்பினால் அது கிடைக்காது. காவ் லாவைக் கடையில் சாப்பிட்டுவிட்டு, வகுப்பில் தோசைபோல வார்க்கும் பான் ஸேயோ கற்றுக்கொள்ளுங்கள்.

அக்டோபர், நவம்பரில் தூ போன் ஆறு பெருகிப் பழைய ஊருக்குள் தண்ணீர் வருவது வழக்கமாக நடப்பது. அந்த மாதங்களில் போவதாக இருந்தால், பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனை உள்ள வகுப்பாகப் பாருங்கள்.

பான் ஸேயோ: நமக்குக் கைவரக் கூடியது

மாவு சட்டியில் விழுந்ததும் எழும் ‘ஸேயோ’ என்ற சத்தமே இதன் பெயர். அரிசி மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து மெல்லிசாக ஊற்றி, இறால், பன்றி இறைச்சி, முளைப்பயறு வைத்து மடிப்பது. ஹோய் ஆன் பக்கம் உள்ளங்கையளவு, தெற்கே தட்டு முழுக்க நிற்கும் அளவு. தோசை வார்த்துப் பழகிய கைக்கு இது பாதி தெரிந்த வேலைதான். தோசைப் பழக்கமே தப்பு செய்ய வைப்பதும் உண்டு.

4 பேருக்கு 200 கிராம் அரிசி மாவு, 400 மில்லி தண்ணீர், 100 மில்லி தேங்காய்ப்பால், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், உப்பு, நறுக்கிய வெங்காயத்தாள். மாவு ரவா தோசை மாவைப்போல நீர்க்க இருக்க வேண்டும். அரை மணி நேரம் ஊறட்டும். புளிக்கக் கூடாது. ஊற்றும்போதெல்லாம் அடியிலிருந்து கலக்க வேண்டும், இல்லாவிட்டால் மாவு அடியில் தங்கி முதல் இரண்டு தண்ணீராகவும் கடைசி இரண்டு களியாகவும் வரும்.

சட்டி நன்றாகக் காய்ந்த பின் எண்ணெயில் இறாலைப் போட்டு நிறம் மாறியதும், ஒரு சின்னக் கரண்டி, அதாவது 60 மில்லி மாவை ஊற்றிச் சட்டியைத் தூக்கிச் சுழற்ற வேண்டும். கரண்டியால் தேய்த்தால் கிழியும். நம் கை தானாகத் தேய்க்கப் போகும், அதைத்தான் ஆசிரியர் பிடித்து நிறுத்துவார். ஒரு பிடி முளைப்பயறு தூவி 1 நிமிடம் மூடுங்கள். மூடியைத் திறந்த பிறகுதான் மொறுமொறுப்பு ஆரம்பிக்கிறது. மூடியே வைத்திருந்தால் ஆவி உள்ளே சுற்றித் துணிபோல் ஆகிவிடும். திறந்து வைத்து, ஓரத்தில் சிறிது எண்ணெய் விட்டு, இன்னும் 3 நிமிடம். ஓரம் தானாகச் சட்டியை விட்டு எழும்பும், சத்தமும் மாறும். நீர் வற்றும் ‘ஸ்ஸ்’ அடங்கி, பொரியும் சடசடப்புக் கேட்கும். அப்போது மடியுங்கள். முளைப்பயறு ஈரமாக இருந்தாலோ, தேங்காய்ப்பால் கூடினாலோ எவ்வளவு நேரம் வைத்தாலும் மொறுமொறுக்காது. மஞ்சள் கூடினால் கசக்கும்.

இதைக் கற்கிற வகுப்பில் ஆளுக்கொரு அடுப்பு இருந்தாக வேண்டும். முதல் பான் ஸேயோ யாருக்கும் சரியாக வருவதில்லை. மூன்றாவதில்தான் கை பழகும். பத்துப் பேருக்கு இரண்டு அடுப்பு வைத்திருக்கும் இடத்தில் உங்களுக்கு ஒரு முறைக்கு மேல் கிடைக்காது.

ஹனோய்

கரி அடுப்பு வேலை பிடித்தவர்களுக்கு ஹனோய். பூன் சா இங்கத்திய மதியச் சாப்பாடு. பன்றி இறைச்சியைக் கொத்தி உருண்டையாகவும், கொழுப்புள்ள துண்டுகளாகவும் கரியில் சுட்டு, வெதுவெதுப்பான இனிப்புப் புளிப்புச் சாறில் போட்டு, நூடுல்ஸ், கீரையோடு சாப்பிடுவது. இதன் ருசி புகையில் இருக்கிறது. கொழுப்பு கரியில் சொட்டி எழும் புகை இறைச்சியில் படிய வேண்டும். மின்சார அடுப்பிலோ தோசைக்கல்லிலோ செய்து காட்டும் வகுப்பு என்றால் போகாதீர்கள். பழைய ஊரின் குறுகிய மாடிக் கட்டடங்களில் கரி மூட்ட இடமில்லாத வகுப்புகள் பல உண்டு. படங்களில் கரி அடுப்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

பன்றி சாப்பிடாதவர்கள் ஹனோயில் கேட்க வேண்டியது சா கா. முள்ளில்லாத ஆற்று மீன் துண்டுகளை மஞ்சள், சித்தரத்தை வகைக் கிழங்கு, புளித்த அரிசிச்சோறு கலவையில் ஊறவைத்துச் சுட்டு, மேசையிலேயே சட்டியில் எண்ணெய் காய்ச்சி, கட்டுக் கட்டாகச் சதகுப்பைக் கீரையும் வெங்காயத்தாளும் போட்டு வதக்குவது. மஞ்சளும் சதகுப்பையும் நமக்குத் தெரிந்தவை. வஞ்சிரத்திலோ கொடுவாவிலோ வீட்டில் நன்றாகவே வரும். கூடவே தரும் இறால் ஊறல், மாம் தோம், வாசனை கடுமையானது. பழக்கமில்லாதவர்கள் மீனும் உப்பும் சேர்ந்த மீன் சாறே (fish sauce) கேட்கலாம்.

பட்டியலில் எண்ணிக்கை பார்த்து மயங்காதீர்கள். ‘5 பதார்த்தம்’ என்பதில் ஒன்று முட்டைக் காபியாகவும், இன்னொன்று தொட்டுக்கொள்ளும் சாறாகவும் இருப்பதுண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஹனோய் குளிராக இருக்கும், கரி அடுப்பு முன் நிற்க சுகம். ஜூன், ஜூலையில் அதே இடம் தகிக்கும்.

ஹுவே

ஆவியில் வேகும் பலகாரங்களுக்கு ஹுவேதான் ஊர். 1802 முதல் 1945 வரை அரச தலைநகராக இருந்த இந்த ஊரில் சின்னச் சின்னதாக, அழகாகச் செய்யும் பழக்கம் ஊறியிருக்கிறது. அரிசிமாவைச் சிறு பீங்கான் கிண்ணங்களில் ஊற்றி வேகவைக்கும் பான் பேயோ, வாழையிலையில் தட்டையாகப் பொதிந்து வேகவைக்கும் பான் நாம், மரவள்ளி மாவில் கண்ணாடிபோல் தெரியும் பான் பொட் லொக் ஆகிய மூன்றும் நம் இட்லிச் சட்டியிலேயே ஆகக் கூடியவை.

பான் பேயோவின் நடுவில் ஒரு குழி விழ வேண்டும். அதுதான் பதத்துக்கு அடையாளம், அதில்தான் எண்ணெயில் வதக்கிய வெங்காயத்தாளும் மேல்தூவலும் உட்காரும். காலிக் கிண்ணங்களை முதலில் ஆவியில் 2 நிமிடம் சூடாக்கிவிட்டு மாவை ஊற்றினால் ஓரம் உடனே இறுகி, நடு அமுங்கும். குளிர்ந்த கிண்ணத்தில் ஊற்றினால் மேல் தட்டையாகிவிடும். 4 முதல் 5 நிமிடத்தில் வெந்துவிடும்.

ஹுவேயில் கோயில்கள் அதிகம், பௌத்தச் சைவச் சமையலுக்கும் பேர் போன ஊர். சைவர்களுக்கு இதுதான் என் முதல் தேர்வு. இறால் பொடிக்குப் பதில் வேகவைத்து உதிர்த்த பாசிப்பருப்பு வைத்த பான் பேயோ அங்கே இயல்பாகவே உண்டு, உங்களுக்காக யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால் வகுப்புகள் எண்ணிக்கையில் குறைவு, ஒரு வாரம் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் மழை கொட்டும்.

சைகோன்

அதிகாரப்பூர்வப் பெயர் ஹோ சி மின் நகரம், ஊர் மக்கள் வாயில் இன்னும் சைகோன். மழை, வெயில் எதுவும் பாதிக்காத உள்ளரங்கச் சமையல்கூடங்கள், 3 மணி நேரத்தில் முடியும் வகுப்புகள், மாலை வகுப்புகள். வேலை விஷயமாக வந்து ஒரு பொழுது கிடைக்கிறவர்களுக்கு இதுவே சரி. சந்தை சேர்ந்த வகுப்பென்றால் பென் தான் சந்தையைவிட, ஊர்க்காரர்கள் வாங்கப் போகும் தான் தின் சந்தை நல்லது.

தெற்கத்திய சமையல் இனிப்பும் தேங்காயும் தூக்கலானது. இங்கே கேட்டுக் கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மண்சட்டியில் மீனை வற்றவைக்கும் கா கோ தோ. சர்க்கரையைக் கருக விட்டு நிறம் எடுப்பதில்தான் சூட்சுமம். 2 மேசைக்கரண்டி சர்க்கரையைச் சிறு தீயில் உருக்கினால், பொன்னிறம் வந்து, கட்டன் சாயாவின், அதாவது பால் கலக்காத தேநீரின் நிறத்துக்குப் போகும். அந்த நிறத்தில் இளநீரை ஊற்றி நிறுத்த வேண்டும். பத்து நொடி தாமதித்தால் கசந்துவிடும், முன்னதாக ஊற்றினால் வெறும் இனிப்பு. அந்தப் பத்து நொடியை நேரில் பார்த்துத்தான் கற்க முடியும்.

இரண்டாவது கோழிக் கா ரி. பெயரிலேயே நம் கறி இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் செட்டியார்களும் புதுச்சேரிக்காரர்களும் வாழ்ந்த ஊர் இது. அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் ட்ருவோங் தின் தெருவில் இன்றும் இருக்கிறது, வியட்நாமியர்களும் வந்து ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். மசாலாத் தூளோடு எலுமிச்சைப்புல், தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்து நீர்க்க வைத்து, பிரெஞ்சு ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். நம் குழம்பு அங்கே போய் என்ன ஆயிற்று என்று பார்க்க இந்த ஒரு பதார்த்தம் போதும்.

மேகோங் கழிமுகத்தில் பென் ட்ரே, கான் தோ பக்கம் வீடுகளில் தங்கிச் சமைக்கலாம். நிதானமானது, ஆனால் மொழிபெயர்க்க ஆள் இல்லாவிட்டால் ஏன், எதற்கு என்று கேட்க முடியாது. இரண்டு இரவு கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

சைவம், ஹலால், ஒவ்வாமை

வியட்நாமிய மொழியில் சைவம் சாப்பிடுவதை ‘அன் சை’ என்பார்கள். குறுகிய ‘சை’. ‘சாய்’ என்று இழுத்தால் பாட்டில் என்று பொருள் மாறிவிடும். எழுதிக் காட்டுவதே பத்திரம். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன் சாறை விட்டுவிடுவார்கள். பலருக்கு அது உப்புபோல, அசைவமாகவே தோன்றாது. மீன் சாறு, இறால் ஊறல், சிப்பிச் சாறு, கோழி அல்லது பன்றிச் சத்து கலந்த ‘ஹாட் நேம்’ மசாலாக் குருணை, பன்றிக் கொழுப்பு ஆகிய ஐந்தையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதுங்கள். மீன் சாறுக்குப் பதிலாகச் சைவ ‘நுவோக் மாம் சை’ கடைகளில் கிடைக்கிறது. வகுப்பு நாளன்று சொன்னால் அவர்களால் வாங்கி வைக்க முடியாது, 2 நாள் முன்பு சொன்னால் முடியும்.

சந்திர மாதத்தின் 1-ஆம், 15-ஆம் நாட்களில் அங்கே நிறையப் பேர் சைவம். நம் நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி பார்த்தால் ஏறக்குறைய அதே நாட்கள்தான், ஒரு நாள் முன்பின் ஆகலாம். அந்த நாட்களில் சந்தையில் விதவிதமான டோஃபுவும் காளானும் வந்து இறங்கும்.

ஹலால் பார்ப்பவர்களுக்குக் குழு வகுப்பு ஒத்துவராது. ஒரே சட்டி, ஒரே வெட்டுப்பலகை, பன்றிக் கொழுப்பு எண்ணெய். தனி வகுப்பாகப் பேசி, மீன், இறால், காய்கறி மட்டும் என்று முடிவு செய்வது நல்லது. சைகோனில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசல் தோங் து தெருவில் இருக்கிறது. அதைச் சுற்றி ஹலால் உணவகங்கள் உண்டு, ஹலால் வகுப்பு பற்றி அங்கே விசாரிக்கலாம்.

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் முன்பே சொல்லிவிடுங்கள். வறுத்து நுணுக்கிய கடலையைக் கேட்காமலே தூவிவிடுவார்கள்.

விலை, கேள்விகள்

குழு வகுப்புகள் பெரும்பாலும் ஆளுக்கு 25 முதல் 45 அமெரிக்க டாலர். தனி வகுப்பு ஏறக்குறைய இரு மடங்கு. நாலு பேர் குடும்பமாகப் போனால் தனி வகுப்புக்குப் பேசிப் பாருங்கள், வித்தியாசம் குறைந்துவிடும், பதார்த்தத்தையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். விலை குறைந்த வகுப்பில் ஆசிரியர் செய்து காட்ட நீங்கள் பார்ப்பதாக இருக்கும். அதற்கு 15 டாலர் என்றாலும் அதிகம்தான்.

எழுதிக் கேட்க வேண்டியவை இவை: குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், ஆளுக்கொரு அடுப்பு உண்டா, நறுக்குவதும் மாவு கரைப்பதும் நாங்களா நீங்களா, வகுப்புக்குள் எவ்வளவு நேரம், பதார்த்தங்கள் எவை. 8 பேருக்கு மேல் என்றால் யோசியுங்கள். பதார்த்தப் பட்டியலை முன்கூட்டிச் சொல்ல மறுக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். முன்பதிவுத் தளம் வழியாகப் பதிந்தாலும், சமையல்கூடத்துக்கே நேராக ஒரு செய்தி அனுப்புங்கள். இடையில் இருப்பவரிடம் சொன்ன ‘சைவம்’ அடுப்படிக்குப் போய்ச் சேராமல் போவதுதான் அடிக்கடி நடக்கும் குளறுபடி. ஜனவரி 21-க்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையில் வரும் டெட் புத்தாண்டில் சில நாட்கள் சந்தை, வகுப்பு எல்லாம் மூடியிருக்கும். தேதியைப் பார்த்துக்கொண்டு பயணச்சீட்டு எடுங்கள்.

எந்த ஊரானாலும் விடக் கூடாத ஒன்று

தொட்டுக்கொள்ளும் சாறு, நுவோக் சாம். மீன் சாறு 1 பங்கு, சர்க்கரை 1, எலுமிச்சைச் சாறு 1, தண்ணீர் 4 முதல் 5. அளவு எளிது. வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் சர்க்கரையை முழுக்கக் கரைத்து, ஆறவிட்டு, அதன் பிறகே எலுமிச்சை பிழிய வேண்டும். சூட்டில் பிழிந்தால் கசப்பேறும். அடுத்து மீன் சாறு. பொடியாக நறுக்கிய பூண்டும் மிளகாயும் கடைசியில். இந்த வரிசையில் செய்தால் பூண்டு மேலே மிதக்கும், அங்கே அதுதான் நல்ல சாறுக்கு அடையாளம். ஒவ்வொன்றையும் சேர்த்த பின் ருசி பார்க்கச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் உங்கள் காசு வீண்போகவில்லை. ஊருக்கு ஊர் எலுமிச்சையின் புளிப்பு மாறும், மீன் சாறின் உப்பும் மாறும். நாக்கில் பதிந்த சமன் ஒன்றுதான் வீட்டுக்குக் கூட வரும்.

அரிசித்தாளில் சுற்றும் கோய் குவோனும் எல்லா ஊரிலும் உண்டு. தாளைச் சாதாரணத் தண்ணீரில் 2, 3 நொடி நனைத்து, இன்னும் விறைப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பலகையில் கிடக்கும் அரை நிமிடத்தில் தானாக இளகும். தண்ணீரிலேயே இளகட்டும் என்று காத்திருந்தால் சுற்றும்போது கிழியும். வெந்நீரில் நனைத்தால் பசைபோல் ஒட்டும்.

ஊர் திரும்பிய பின்

அந்தக் கீரைகளுக்கு இங்கே என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். வியட்நாமியர் ஃபோவில் கிள்ளிப் போடும் ஹுங் குவே நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமேதான். துளசி வேறு, அதைப் போட்டால் மருந்து வாடை வரும். ங்கோ காய் என்ற முள்விளிம்பு மல்லியைக் கேரள எல்லை ஊர்களில் ஆப்பிரிக்க மல்லி என்று விற்கிறார்கள். எலுமிச்சைப்புல் தொட்டியிலேயே வளரும். பெரில்லாவுக்கும் ராவ் ராமுக்கும் சரியான மாற்று இல்லை, புதினாவையும் மல்லித்தழையையும் சரிபாதி கலந்து சமாளிக்கலாம். அங்கிருந்து பச்சைக் கீரையோ விதையோ கொண்டுவர வேண்டாம், தாவரத் தொற்றுத் தடுப்பு விதிகளில் மாட்டிக்கொள்வீர்கள்.

அரிசி மாவில் நாம் கொடுத்துவைத்தவர்கள். அங்கே பான் ஸேயோ மாவு அரிசியை ஊறவைத்து ஈரமாக அரைத்தது, அதனால்தான் மெல்லிசாக வருகிறது. கடையில் வாங்கும் இடியாப்ப மாவு பெரும்பாலும் வறுத்தது, அதில் செய்தால் சொரசொரவென்று உடையும். பச்சரிசியை 4 மணி நேரம் ஊறவைத்து, கிரைண்டரில் வழுவழுப்பாக அரைத்து, உளுந்தில்லாமல், புளிக்க விடாமல் அன்றே ஊற்றுங்கள்.

மீன் சாறு வாங்கும்போது லேபிளில் நெத்திலி, உப்பு இரண்டும் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபூ குவோக், ஃபான் தியெட் ஊர்களுடையவை பேர் பெற்றவை. பாட்டிலில் 30, 35, 40 என்று போட்டிருப்பது புரதச் செறிவின் அளவு, தொட்டுக்கொள்ள 35-க்கு மேல், சமையலுக்கு அதற்குக் கீழே உள்ளது போதும். உடைந்தால் வாடை விமானம் முழுக்கப் பரவும் என்பதால் சில விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை, கேட்டுவிட்டு வாங்குங்கள். அரிசித்தாள் 22 சென்டிமீட்டர் அளவில் வாங்கினால் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டில் நனைக்கத் தோதாக இருக்கும். பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே தட்டையாக வையுங்கள். ஓரத்தில் வைத்தால் ஊர் வந்து சேரும்போது அப்பளமாக நொறுங்கியிருக்கும்.